கண்ட பக்கத்தை மீளக் காணல்: விசைவழி உலாவி நீட்சிகளும் தமிழ் எழுத்தும்

இணையத்தில் ஒரு பக்கத்தைத் தேடிக் கண்டடைவது ஒரு செயல். முன்பு கண்ட பக்கத்தை மீண்டும் கண்டடைவது வேறொரு செயல். முன்னதற்குத் தேடுபொறிகள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பின்னதற்கோ உலாவியின் வரலாற்றுப் பட்டியலிலும், குறித்து வைத்த பக்கங்களிலும், மேல் விளிம்பில் வரிசையாகத் திறந்து கிடக்கும் தத்தல்களிலும் (பேச்சு வழக்கில் 'டேப்') நாமே துழாவ வேண்டியுள்ளது. ஆய்வில் ஈடுபடும் மாணவர் ஒருவரின் நேரத்தை இப்பின்னைய வேலை எவ்வளவு விழுங்குகிறது என்பதை அவருடன் ஒரு பிற்பகல் அமர்ந்து பார்த்தாலன்றி உணர இயலாது. நாம் அவ்வாறு அமர்ந்து பார்த்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றையொட்டி அமைந்துள்ள சிற்றூர் நிபோங் திபால். அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களாகவும், பின்னர் இரப்பர், செம்பனைத் தோட்டங்களாகவும் விளங்கியது. கலிடோனியா, பைராம் முதலிய தோட்டப் பெயர்கள் மலேசியத் தமிழர் வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. கலிடோனியாத் தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தார் கட்டிய தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை இன்று பாழடைந்து நிற்பினும் பார்வையாளர்களை ஈர்த்து வருகின்றது. இவ்வட்டாரத் தோட்டங்களைப் பற்றித் தகவல் திரட்டிக் கொண்டிருந்த மாணவர் ஒருவர், தமிழில் அமைந்த நல்லதொரு பக்கத்தைத் தாம் முந்திய வாரம் படித்ததாகவும், இப்பொழுது அதனைக் காணவில்லை என்றும் கூறினார். அவர் கணினியில் விசைவழியே பக்கம் தேடும் நீட்சி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அதன் பெட்டியில் 'நிபோங் திபால்' என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. பின்னர் ஆங்கிலத்தில் தேடி, முன்னதைவிடச் செய்தி குறைந்த வேறொரு பக்கத்தையே தம் கட்டுரைக்குச் சான்றாகக் கொண்டார். அவர் தேடிய தமிழ்ப் பக்கமோ அவ்வேளையிலும் அவருடைய உலாவியில் திறந்தே இருந்தது. அதன் தலைப்பில் ஊர்ப்பெயர் 'நிபோங் தெபால்' என்றிருந்தது.

இதனை எழுத்துப் பிழையென்று ஒதுக்கிவிடலாகாது. தமிழ்ப் பக்கம் இருந்தும் அது கைக்கு எட்டாமற் போவதற்கு எழுத்துக்கூட்டல் வேறுபாடு ஒரு காரணம் மட்டுமே. வேறு சில காரணங்கள் கருவியின் உள்ளமைப்பில் உள்ளன. அவற்றை விளங்கிக் கொண்டால் பெரும்பாலானவற்றைப் பயனரே கடக்க முடியும்.

விசைவழி நீட்சியின் இயல்பு

உலாவிக்குப் புதிய திறனைச் சேர்க்கும் சிறு நிரல் நீட்சி எனப்படும். விசைவழி நீட்சிகளுள் இன்று பரவலாக அறியப்பட்டது விமியம். குரோம் உலாவிக்கென உருவாகிப் பின்னர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கும் வந்தது. அதன் பெயரே அதன் மரபைக் காட்டும்: 'விம்' என்னும் உரைத்தொகுப்பியின் பெயரும் 'குரோமியம்' என்னும் உலாவித் திட்டத்தின் பெயரும் இணைந்தது அது. விம் 1991-இல் பிராம் மூலனார் என்பாரால் வெளியிடப்பட்டது. அதற்கு மூலமான 'விஐ' தொகுப்பியை 1976-இல் பில் ஜாய் எழுதினார். எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளால் திரையில் இடம்பெயரும் வழக்கம் அங்குதான் தொடங்கியது. அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லாமல் அந்நான்கு எழுத்து விசைகளின்மேல் பொறிக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். அம்முனையத்தை இன்று பயன்படுத்துவோர் இலர். ஆயினும் அதன் விசையமைப்பு இன்றளவும் நம் விரல்களை ஆள்கின்றது.

விமியத்தில் ஜே விசையை அழுத்தினால் பக்கம் கீழ்நோக்கி நகரும். கே விசை மேல்நோக்கி நகர்த்தும். எஃப் விசையை அழுத்தினால் பக்கத்திலுள்ள ஒவ்வோர் இணைப்பின்மீதும் ஒரு சிறு எழுத்துச் சீட்டு தோன்றும். அவ்வெழுத்தைத் தட்டினால் அவ்விணைப்பு திறக்கும். நம் பொருளுக்கு இன்றியமையாதது ஓ விசையாகும். அதனை அழுத்தியவுடன் திரையின் நடுவே ஒரு பெட்டி தோன்றுகின்றது. அதில் சில எழுத்துகளைத் தட்டத் தட்ட, வரலாற்றிலும் புத்தகக்குறிகளிலும் உள்ள பக்கங்கள் பொருத்தம் நோக்கி வரிசைப்பட்டு வருகின்றன. பி விசை புத்தகக்குறிகளை மட்டும் காட்டும்; பெரிய டீ திறந்துள்ள தத்தல்களை மட்டும் காட்டும். சுட்டியைத் தொடாமலே அறுபது தத்தல்களுள் வேண்டியதை இரண்டு மூன்று விசையழுத்தங்களில் அடைந்துவிடலாம். மணிக்கட்டு வலியால் சுட்டியைப் பிடிக்க இயலாதவர்க்கு இது வசதி மட்டுமன்று; தேவையுமாகும்.

இவை யாவும் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கும்பொழுது நிகழ்பவை. தமிழில் இருக்கும்பொழுது என்ன நிகழ்கின்றது?

தமிழ் விசைப்பலகையும் கட்டளை விசைகளும்

தமிழ் விசைப்பலகையின் வரலாறு இந்நாட்டோடும் அண்டை நாட்டோடும் நெருங்கிய தொடர்புடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து 1907-இல் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர். சில குறிகளைத் தட்டும்பொழுது தாள் நகராதிருக்கும் 'நகரா விசை' என்னும் ஏற்பாட்டினால், இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் சிக்கலுக்கு அவர் வழிகண்டார். கணினிக் காலத்தில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டுவதைப் பலர்க்கும் பழக்கமாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு தரமாக ஏற்ற விசைப்பலகையே 'தமிழ்99' ஆகும்.

தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களுக்குரிய எழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. அதில் ஜே விசை 'ப'. கே விசை 'ம'. ஓ விசை 'ட'. எஃப் விசையோ புள்ளிக்குரியது. ஆகவே, தமிழ்99 இயக்கத்தில் இருக்க, விமியத்தின் பயனர் இணைப்புகளைத் திறக்கக் கருதி எஃப் விசையை அழுத்தினால், உலாவியைச் சென்றடைவது எஃப் என்னும் எழுத்தன்று, ஒரு தனிப்புள்ளி. நீட்சிக்குப் புள்ளியென்று ஒரு கட்டளை தெரியாது. எதுவும் நிகழாது. புதிதாகப் பயில்வோர் பலர் நீட்சி பழுதுபட்டதாகக் கருதி நீக்கிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

விமியத்தின் அமைப்புப் பக்கத்தில் விசையமைப்பைப் புறக்கணிக்குமாறு கூறும் தெரிவு ஒன்று உள்ளது. அதனைத் தெரிந்தெடுத்தால், எந்த மொழி இயக்கத்தில் இருந்தாலும் விசையின் இடத்தைக் கொண்டே கட்டளை கொள்ளப்படும். இரசியம், கிரேக்கம் முதலிய எழுத்துகளைப் பயன்படுத்துவோர்க்கும் நமக்கும் ஒருங்கே பயன்படும் ஏற்பாடு இது. இணைப்புகளின்மீது தோன்றும் சீட்டுகளை எழுத்துகளுக்குப் பதிலாக எண்களாக மாற்றிக்கொள்ளவும் அங்கே இடமுண்டு. தமிழ்99 எண் விசைகளை மாற்றுவதில்லை. எனவே நமக்கு எண்களே ஏற்றவை. இவ்விரு மாற்றங்களையும் செய்யாமல் தமிழ்ப் பயனர் ஒருவர்க்கு இந்நீட்சியைப் பரிந்துரைப்பது, பூட்டிய கதவைக் காட்டி உள்ளே செல்லுமாறு கூறுவதற்கு ஒப்பாகும்.

இங்கு ஒரு பழைய செய்தியைக் குறிப்பிட வேண்டும். 2000-களில், தமிழ் வலைப்பதிவர்கள் 'நெருப்பு நரி' என்று செல்லமாக அழைத்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குத் 'தமிழ் விசை' என்னும் நீட்சி ஒன்று இருந்தது. கணினியில் எதனையும் நிறுவாமல் உலாவிக்குள்ளேயே தமிழ் தட்ட அது உதவியது. இணைய மையங்களிலும் பள்ளிக் கணினிக் கூடங்களிலும் பிறருடைய கணினியைப் பயன்படுத்தியவர்க்கு அது பெருந்துணை. 2017 நவம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 57ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது. விமியத்துக்கு முன்னோடியான விம்பெரேட்டரும் அம்மாற்றத்தினால் வழக்கொழிந்தது. நீட்சிகளை நம்பி ஒரு பழக்கத்தை அமைத்துக் கொள்வோர் இதனை மனத்தில் இருத்துதல் நன்று: உலாவி மாறினால் நீட்சி மறையும்.

பெட்டிக்குள் தமிழ்

கட்டளைச் சிக்கல் தீர்ந்த பின்னர் அடுத்தது தேடற்பெட்டி. அதற்குள் தமிழ் தட்டத் தடையில்லை. ஆனால், தட்டத் தட்டப் பட்டியல் மாறும் இவ்வகைப் பெட்டியில், சொல் முழுமையடையும் முன் உள்ள ஒவ்வோர் இடைநிலையும் ஒரு தேடலாகும் என்பதை நோக்க வேண்டும். இங்குதான் எந்த முறையில் தட்டுகிறோம் என்பது வேறுபாட்டை உண்டாக்குகின்றது.

'தமிழர்' என்னும் சொல்லை எடுத்துக் கொள்வோம். ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, ர, புள்ளி என்னும் ஆறு குறியெண்களின் வரிசை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுவோர்க்கு மெய் முதலில் புள்ளியோடு தோன்றி, உயிர் தட்டப்பட்ட பின்னரே புள்ளி நீங்கும். ஆகவே பெட்டியில் முறையே த், த, தம், தமி, தமிழ், தமிழ, தமிழர் என்று தோன்றும். இவற்றுள் 'தம்' என்னும் நிலையை நோக்குக. 'தமிழர்' என்னும் வரிசையில் 'தம்' என்னும் வரிசை எவ்விடத்தும் இல்லை. த, ம ஆகியவற்றை அடுத்து வருவது இகரக் குறியேயன்றிப் புள்ளியன்று. எனவே குறியெண்களை அப்படியே ஒப்பிடும் கருவி, அந்நொடியில் தமிழர் பற்றிய பக்கங்களை எல்லாம் பட்டியலினின்று நீக்கிவிட்டுத் தம்பி, தம்பதி என்று வேறெவற்றையோ காட்டும். அடுத்த விசையில் அவை மீண்டு வரும். பட்டியல் இவ்வாறு தோன்றி மறைந்து தோன்றுவதைக் கண்டு, விரைந்து கண்டடையும் கருவியென்று சொல்லப்பட்டது இதுதானா என்று பயனர் ஐயுறுவது இயல்பே.

தமிழ்99 முறையில் இந்நிலை ஏற்படுவதில்லை. அதில் விசை ஒவ்வொன்றும் அகரமேறிய மெய்யையே தரும். த, தம, தமி, தமிழ, தமிழர, தமிழர் என்பன அதன் நிலைகள். இவற்றுள் ஒவ்வொன்றும் இறுதிச் சொல்லின் குறியெண் வரிசைக்கு முன்னொட்டாக அமைகின்றது. 'தோட்டம்' என்னும் சொல்லில் இது இன்னும் தெளிவாகும். தமிழ்99-இல் ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே வரும். எனவே த, தோ, தோட, தோட்ட, தோட்டம, தோட்டம் என்று சொல் வளர்கின்றது. ஏழு குறியெண்களுக்கு ஆறு விசையழுத்தங்களே வேண்டியுள்ளன. இடையில் ஒரு முறையும் பட்டியல் வெறுமையாவதில்லை. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இனவெழுத்துச் சேர்க்கைகளுக்கும் இதுவே பொருந்தும். 1999-இல் இவ்விசைப்பலகையை வகுத்தோர் தட்டச்சின் விரைவையும் தமிழ் இலக்கணத்தையும் கருத்திற் கொண்டனர். இத்தகைய தேடற்பெட்டி அன்று வழக்கில் இல்லை. ஆயினும் ஒருங்குறியும் தமிழ்99-உம் எழுத்தை ஏறத்தாழ ஒரே முறையில் பகுத்தமையால் இந்தப் பொருத்தம் வாய்த்தது. ஒலிபெயர்ப்பு முறையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. மலேசியத் தமிழரிற் பலர் இணையத்தில் தமிழ் எழுதத் தலைப்பட்டது அதனால்தான். எனினும் பக்கம் தேடும் இப்பணிக்குத் தமிழ்99 ஏற்றது என்பதே நம் துணிபு.

கருவியை எழுதுவோர் மனம் வைத்தால் ஒலிபெயர்ப்பு முறையினருக்கும் இக்குறை நீங்கும். தேடுசொல்லின் இறுதியில் புள்ளி இருந்தால் அதனை நீக்கிவிட்டு ஒப்பிடுமாறு நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். 'தம்' என்பது 'தம' ஆகிவிடும். 'தமிழர்' பட்டியலில் நிலைக்கும்.

ஒன்றாய்த் தோன்றி வேறாய் இருப்பவை

ஒகர, ஓகார உயிர்மெய்கள் மற்றொரு சிக்கல். 'கொ' என்பதனைக் க என்னும் எழுத்தும் ஒகரக் குறி என்னும் ஒரே குறியெண்ணும் கொண்டு எழுதலாம். கவுக்குப் பின் எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டு குறியெண்களை இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவையென்று வரையறுத்து, ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவாகச் சீராக்கும் முறையையும் வகுத்துள்ளது. அச்சீராக்கத்தைச் செய்யாத கருவிக்கு இவை இரு வேறு சொற்கள். ஔகாரத்தின் நிலை இதனினும் மோசமானது. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்துக்குத் தனிக் குறியெண் உண்டு. ஆனால் சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி அவ்வெழுத்தை உண்டாக்கிவிடுகின்றனர். அது கண்ணுக்கு மட்டுமே ஔகாரம். எந்தச் சீராக்கமும் அதனைத் திருத்தாது.

முகவரிகளின் நிலையையும் கூற வேண்டும். தமிழ் எழுத்துகள் இணைய முகவரியில் இடம்பெறும்பொழுது, ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று வரியுருக்களாகவும் மாறும். அதாவது, ஒரு குறியெண்ணுக்கு ஒன்பது வரியுருக்கள். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியெண்களாய் நின்று முகவரியில் 45 வரியுருக்களாக விரியும். 'நிபோங் திபால்' என்பதோ இடைவெளி நீங்கலாக 108 வரியுருக்கள். சில கருவிகள் இவற்றை மீண்டும் தமிழாக்கி ஒப்பிடும், சில ஒப்பிடா. பின்னைய கருவிகளில் தமிழ்ப் பக்கத்தை அதன் தலைப்பைக் கொண்டு மட்டுமே கண்டடைய முடியும். ஆங்கிலப் பக்கத்துக்குத் தலைப்பு, முகவரி என இரு வாயில்கள் இருக்க, தமிழ்ப் பக்கத்துக்கு ஒன்றே உள்ளது. அவ்வொன்றிலும் பக்கத்தை அமைத்தோர் 'முகப்பு' என்றோ 'பக்கம் 3' என்றோ தலைப்பிட்டிருந்தால் அதுவும் அடைபட்டதாகும்.

பட்டியலில் எது முதலில் வரவேண்டும் என்பதிலும் தமிழுக்கு இழப்பு உண்டு. நீட்சிகள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுகின்றன. சொல்லின் தொடக்கத்தில் அமைந்த பொருத்தத்துக்கு மிகு மதிப்பளிக்க விரும்பும் நிரலர், அம்மொழியிலுள்ள சொல்லெல்லைக் குறியைப் பயன்படுத்துவது வழக்கம். அக்குறி எழுத்தென்று அறிவது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே. தமிழ் எழுத்து அதன் பார்வையில் எழுத்தே அன்று, நிறுத்தக்குறியை ஒத்தது. ஆகவே ஆங்கிலச் சொல்லுக்குக் கிடைக்கும் முன்னுரிமை தமிழ்ச் சொல்லுக்குக் கிடைக்காமல், நாம் தேடும் பக்கம் பட்டியலின் அடியில் தங்கிவிடலாம். எழுத்தென்னும் பண்பை ஒருங்குறி அட்டவணையைக் கொண்டு அறியும் புதிய முறை வந்துள்ளது. அதிலும் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' என்னும் வகையில் அடங்காமல் 'குறி' என்னும் வகையில் வைக்கப்பட்டுள்ளமையால், கவனமின்றி எழுதிய நிரல் 'தமிழ்' என்னும் சொல்லைத் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டாக வெட்டும். தொல்காப்பியர் புள்ளி பெறுதலை மெய்யின் இயல்பாக வகுத்திருக்க, கணினி அதனை ஒட்டிக்கொண்ட புறப்பொருளாகக் காண்பது வியப்புக்குரியது. இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் கொண்டே சொல்லெல்லையைக் கணிப்பது தமிழுக்குப் போதுமானது.

ஊர்ப்பெயரும் சொல்லுருவும்

இனி, தொடக்கத்திற் கூறிய மாணவரின் சிக்கலுக்கு வருவோம். 'நிபோங்' என்பது சதுப்பு நிலங்களையொட்டி வளரும் முள்ளுடைய பனையின மரத்தின் மலாய்ப் பெயர்; 'தெபல்' அடர்த்தியைக் குறிக்கும். இம்மலாய்ச் சொல்லின் முதலுயிர் தமிழில் இல்லாத ஓர் இடையொலி. ஆதலின் அதனை இகரமாக எழுதுவோரும் எகரமாக எழுதுவோரும் உளர். ஓகாரத்தை ஒகரமாகக் குறுக்கி எழுதுவதும் உண்டு. 'செபராங் பிறை', 'செபராங் பெராய்' என்பனவும் இவ்வாறு நேர்ந்தவை. நாளிதழ், பாடநூல், தனியார் தளம் ஆகிய அனைத்தும் ஒரே வடிவத்தைக் கைக்கொள்ளும் நாள் வரும் வரை தேடுவோரே வழி காண வேண்டும்.

வழி எளிதே. விமியம் முதலிய கருவிகள் இடைவெளியால் பிரிக்கப்பட்ட துண்டுகளைத் தனித்தனியே ஒப்பிடுகின்றன; எல்லாத் துண்டுகளும் உள்ள பக்கமே பட்டியலில் வரும். ஆகவே ஐயத்துக்கு இடமான எழுத்துகளை விட்டுவிட்டு ஐயமற்றவற்றை மட்டும் தட்டலாம். 'நிப பால' என்று தட்டுக. 'நிப' என்பது நிபோங், நிபொங் ஆகிய இரண்டுக்கும் குறியெண் அளவில் முன்னொட்டு. 'பால' என்பது திபால், தெபால் ஆகிய இரண்டிலும் உள்ளது. இறுதிப் புள்ளியைத் தட்ட வேண்டியதில்லை. தமிழ்99-இல் ஆறு எழுத்து விசைகளும் ஓர் இடைவெளி விசையும் இதற்குப் போதும். 'நிப' மட்டும் தட்டினால் நிபந்தனை, நிபுணர் முதலியனவும் உடன் வரும் என்பதால் இரண்டாவது துண்டு வேண்டியதாகின்றது.

உருபேற்கும் சொற்களுக்கும் இதே முறை பொருந்தும். 'தோட்டம்' என்று முழுமையாகத் தட்டினால் 'தோட்டத் தொழிலாளர்', 'தோட்டப் பள்ளிகள்' என்னும் தலைப்புகள் விடுபடும். 'தோட்ட' என்று நிறுத்தினால் மூன்றும் வரும். 'புறநானூறு' என்பதற்குப் 'புறநானூ' என்று நிறுத்துவது நலம். 'புறநானூற்றில்' என்பதும் உடன் கிட்டும். மகர ஈற்றுச் சொற்களில் இறுதி மெய்யையும், குற்றியலுகரச் சொற்களில் இறுதி உயிர்மெய்யையும் விடுத்துத் தட்டுவது என்று ஒரு பொது நெறியாகக் கொள்ளலாம். 'நாடு', 'வீடு' போன்ற ஈரெழுத்துச் சொற்களில் இந்நெறி உதவாது. எஞ்சும் ஓரெழுத்தைக் கொண்டு எதனைத் தேடுவது? அங்கு இரண்டாவது துண்டின் துணை வேண்டும்.

நீட்சியின்றியும் செய்யக்கூடியவை

நீட்சி நிறுவ இயலாத பொதுக் கணினிகளில் உலாவியின் முகவரிப் பட்டையே ஓரளவு இப்பணியைச் செய்யும். கட்டுப்பாட்டு விசையோடு எல் விசையை அழுத்தினால் சுட்டி முகவரிப் பட்டைக்குச் செல்லும். ஃபயர்ஃபாக்ஸில் சொல்லுக்கு முன் விழுக்காட்டுக் குறியை (%) இட்டு இடைவெளி விட்டால் திறந்துள்ள தத்தல்களிலும், உடுக்குறியை (*) இட்டால் புத்தகக்குறிகளிலும், மேற்கூரைக் குறியை (^) இட்டால் வரலாற்றிலும் மட்டும் தேடலாம். தமிழ்99 இயக்கத்தில் இருந்தாலும் இக்குறிகள் தத்தம் இடத்தில்தான் உள்ளன. மொழியை மாற்றி மாற்றித் தட்டும் தொல்லை இல்லை. குரோமில் கட்டுப்பாட்டு விசை, மேல்தட்டு விசை, ஏ ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் தத்தல்களைத் தேடும் பெட்டி திறக்கும்.

ஃபயர்ஃபாக்ஸ் புத்தகக்குறிகளுக்குச் சிறு அடையாளச் சொற்களை ஒட்டிக்கொள்ளும் வசதி ஆய்வாளர்க்கு மிகவும் பயன்படத்தக்கது. மதுரைத் திட்டம், நூலகம் முதலிய மின்தொகுப்புகளினின்று ஒரு பக்கத்தைக் குறித்து வைக்கும்பொழுதே அதற்குரிய பொருளைத் தமிழில் ஓரிரு சொற்களாக எழுதிவிட்டால், பக்கத்தின் தலைப்பு எவ்வாறு இருப்பினும் பின்னர்க் கண்டடையலாம். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த பழைய பக்கங்களுக்கு இது ஒன்றே வழி. அவற்றின் தலைப்பு வரலாற்றுப் பட்டியலில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கூட்டமாகவே காட்சியளிக்கும். குரோமில் அடையாளச் சொல் வசதி இல்லை. புத்தகக்குறியின் பெயரையே திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விசைவழி நீட்சிகள் இயங்குவதற்கு நாம் காணும் எல்லாப் பக்கங்களையும் வரலாற்றையும் அணுகும் உரிமையைக் கோருகின்றன. அவ்வுரிமையின்றி அவை பணிபுரிய இயலா. ஆகவே நிரல் வெளிப்படையாக வைக்கப்பட்டுள்ள, பலரும் ஆய்ந்து பார்த்த நீட்சியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பலர் மாறி மாறி அமரும் பள்ளிக் கணினியில் இதனை நிறுவுவது தகாது. முன் அமர்ந்தவர் கண்டவை யாவும் பின் அமர்ந்தவரின் பெட்டியில் வந்து நிற்கும்.

விமியத்தின் நிரல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டுள்ளது. எவரும் எடுத்துத் திருத்தலாம். இறுதிப் புள்ளியை நீக்கி ஒப்பிடுதல், ஒருங்குறிச் சீராக்கம், இடைவெளியைக் கொண்டு சொல்லெல்லை காணல் ஆகிய மூன்றும் சில வரிகளில் அடங்குபவை. கணினித் துறை மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் ஒரு பருவத் திட்டப்பணிக்கு உரிய அளவினது. அதனைச் சோதித்துப் பார்க்கச் சொற்கள் வேண்டின் தம்பி, தமிழர், கொடி, ஔவை, தோட்டப் பள்ளி ஆகியவற்றோடு நிபோங் திபாலையும் அதன் மாற்று வடிவங்களையும் சேர்த்துக் கொள்ளலாம். நாம் குறிப்பிட்ட மாணவர் தம் புத்தகக்குறியின் பெயரில் 'நிபோங் திபால், நிபோங் தெபால்' என்று இரண்டையும் எழுதி வைத்துக் கொண்டார். அவருடைய கட்டுரையில் அத்தமிழ்ப் பக்கம் இரண்டாம் படியில் சான்றாக இடம்பெற்றது.